பெரியது போகும், சிறியது நிற்கும்: பொட்டாசியம் கால்வாய் ஆராய்ச்சி – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க அறிவியலாளர் ராடரிக் மெக்கின்னன், செல்லுக்குள் பொட்டாசியம் போய்வரும் கால்வாயின் உருவத்தை அணுக்கள் தெரியும் அளவுக்கு முதன்முதலில் காட்டியவர். அதற்காக 2003இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார். அந்த ஆராய்ச்சி பற்றி மாணவர்களும் ஆசிரியர்களும் பொதுவாகக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. அவசரமாக வந்தவர்கள் 1998ஆம் ஆண்டுப் படம் பற்றிய கேள்விக்கு நேராகப் போகலாம். விஷயத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

அயனிக் கால்வாய் என்றால் என்ன?

செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வு கொழுப்பால் ஆனது. அதன் நடுப்பகுதி ஏறக்குறைய 3 நானோமீட்டர் தடிமனுள்ள எண்ணெய்ப் படலம். உள்ளேயும் வெளியேயும் இருப்பதோ உப்புத் தண்ணீர். சோடியம், பொட்டாசியம், கால்சியம், குளோரைடு ஆகியவை அந்தத் தண்ணீரில் மின்சுமையுள்ள அயனிகளாக இருக்கின்றன. மின்சுமை உள்ள எதற்கும் எண்ணெய் ஆகாது. தண்ணீரை விட்டு எண்ணெய்க்குள் நுழைய ஓர் அயனிக்குத் தேவைப்படும் ஆற்றல் மிகப் பெரியது என்பதால், அது தானாக நடக்காது.

இந்தத் தடையைக் கடக்க, சவ்வின் குறுக்கே சில புரதங்கள் நிற்கின்றன. ஒவ்வொன்றின் நடுவிலும் மிக நுண்ணிய துளை உண்டு. தேவையானபோது துளை திறக்கும், அயனி ஓடும், மறுபடி மூடும். அவைதான் அயனிக் கால்வாய்கள். நரம்பில் செய்தி ஓடுவது, இதயம் துடிப்பது, கணையம் இன்சுலின் விடுவது எல்லாமே இவை திறந்து மூடுவதால் நடப்பவை.

சோடியம்-பொட்டாசியம் பம்பும் இதுவும் ஒன்றா?

இல்லை. தேர்வில் பலர் மார்க் விடும் இடம் இது. பம்ப், செல்லின் எரிபொருளான ஏடிபியைச் செலவழித்து அயனிகளை எதிர்த்திசையில் தள்ளுகிறது; வினாடிக்குச் சில நூறு அயனிகளைத்தான் நகர்த்தும். கால்வாய் எதையும் தள்ளுவதில்லை. பம்ப் சேர்த்துவைத்த ஏற்றத்தாழ்வு இருக்கிறதே, அதில் அயனி தானாகவே சரிவில் இறங்குகிறது. செல்லுக்குள் பொட்டாசியம் லிட்டருக்கு ஏறக்குறைய 140 மில்லிமோல், வெளியே 4 அல்லது 5. சோடியம் இதற்கு நேர்மாறாக வெளியே 145, உள்ளே 12 அளவில் இருக்கும். இந்த வித்தியாசமே மூலதனம். கால்வாய் அதைச் செலவழிக்கிறது.

மெக்கின்னனுக்கு முன்பு என்ன தெரிந்திருந்தது?

நிறையவே தெரிந்திருந்தது. நோபல் கதைகளில் இந்தப் பகுதியை இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள், அது அநியாயம்.

இங்கிலாந்தில் ஆலன் ஹாட்ஜ்கினும் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் ஊசிக் கணவாயின் நரம்பில் வேலை செய்தார்கள். அதன் ஒரு நரம்பிழை ஒரு மில்லிமீட்டர் வரை தடிமன் இருக்கும், உள்ளேயே மின்முனையைச் செருகலாம். நரம்புத் துடிப்பின்போது முதலில் சோடியம் உள்ளே பாய்கிறது, பிறகு பொட்டாசியம் வெளியே பாய்கிறது என்பதை 1952இல் சமன்பாடுகளோடு வெளியிட்டார்கள். கேம்பிரிட்ஜின் கணினி அப்போது கிடைக்கவில்லை. கையால் சுற்றும் கணக்குப் பொறியை வைத்தே ஹக்ஸ்லி கணக்குகளை முடித்தார். 1963இல் இருவருக்கும் நோபல் கிடைத்தது. ஆனால் அயனி எதன் வழியாகப் போகிறது என்று அவர்கள் சொல்லவில்லை. சான்று இல்லாததால் வேண்டுமென்றேதான் சொல்லாமல் விட்டார்கள்.

1955இல் ஹாட்ஜ்கினும் ரிச்சர்ட் கெய்ன்ஸும் ஓட்டுக் கணவாயின் நரம்பில் கதிரியக்கப் பொட்டாசியத்தைச் செலுத்திப் பார்த்தார்கள். பொட்டாசியம் அயனிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒற்றை வரிசையில் போகின்றன, ஒரே சமயத்தில் வழியில் ஒன்றுக்கு மேல் இருக்கின்றன என்று முடிவு வந்தது. புரதத்தை யாரும் கண்ணால் காண்பதற்கு 43 ஆண்டு முன்பே சொன்ன முடிவு! அது அப்படியே நின்றது.

அடுத்து அமெரிக்காவில் கிளே ஆம்ஸ்ட்ராங்கும் பெர்ட்டில் ஹில்லும். துளைக்கு உள்வாயில் என்ற ஒரு கதவும் ஒரு குறுகிய பகுதியும் உண்டு, அந்தக் குறுகிய பகுதிதான் ஆள்பார்த்து அனுப்புகிறது என்று 1960, 70களில் அவர்கள் காட்டினார்கள். 'தேர்வு வடிகட்டி' என்ற பெயரும் அப்போதே வந்துவிட்டது. ஜெர்மனியின் கோட்டிங்கனில் எர்வின் நேஹரும் பெர்ட் சாக்மனும் 1976இல் தவளைத் தசையில் ஒரு நுண்கண்ணாடிக் குழாயை ஒட்டவைத்து, ஒரே ஒரு கால்வாய் திறந்து மூடும் மின்னோட்டத்தைப் பதிவு செய்தார்கள். சில பிக்கோஆம்பியர். ஒரு பிக்கோஆம்பியர் என்பது வினாடிக்கு 60 லட்சத்துக்கும் மேற்பட்ட அயனிகள். இந்தப் 'பேட்ச் கிளாம்ப்' முறைக்கு 1991இல் நோபல்.

அப்படியானால் மிச்சம் இருந்த புதிர் எது?

அளவுகளைப் பாருங்கள். பொட்டாசியம் அயனியின் ஆரம் 1.33 ஆங்ஸ்ட்ராம். சோடியம் 0.95. (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது நானோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு.) இரண்டுக்கும் ஒரே மின்சுமைதான். பொட்டாசியம் கால்வாய் பெரிய பொட்டாசியத்தை விடுகிறது, அதைவிடச் சிறிய சோடியத்தை நிறுத்துகிறது. பல்லாயிரம் பொட்டாசியத்துக்கு ஒரு சோடியம் தவறிப் போனால் அதிகம்.

இது சல்லடை வேலை இல்லை. சல்லடையில் சிறியது விழும், பெரியது தங்கும், இங்கே தலைகீழ். பள்ளிப் புத்தகங்களில் இன்னமும் 'அளவுக்கேற்ற துளை' என்று ஒரு வரி வருகிறது. அதைப் படித்த மாணவருக்குச் சோடியம் ஏன் போகவில்லை என்ற கேள்வியே எழாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. இவ்வளவு கறாராக ஆள்பார்க்க வேண்டுமானால் அயனியை இறுக்கிப் பிடித்துப் பார்க்க வேண்டும். இறுக்கிப் பிடித்தால் விடுவதற்கு நேரமாகும். ஆனால் இந்தக் கால்வாய் வினாடிக்குப் பத்துக் கோடி அயனிகள் வரை விடுகிறது. கறாரும் வேகமும் ஒன்றாக எப்படி? உருவம் தெரியாமல் இதற்குப் பதில் இல்லை என்பதுதான் மெக்கின்னன் எடுத்த நிலை.

அவர் மருத்துவர் என்கிறார்களே?

ஆமாம். 1956இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பர்லிங்டனில் பிறந்தார். பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியல் படித்தார்; அங்கே கிறிஸ்டோபர் மில்லரின் ஆய்வகத்தில் மாணவராக இருந்தார். பிறகு டஃப்ட்ஸ் மருத்துவக் கல்லூரியில் 1982இல் பட்டம், பாஸ்டனில் பொது மருத்துவப் பயிற்சி. டாக்டராகவே இருந்திருக்கலாம். முப்பது வயதை ஒட்டி, அதை விட்டுவிட்டுப் பழைய ஆசிரியர் மில்லரிடமே ஆராய்ச்சிக்குத் திரும்பினார். 1989இல் ஹார்வர்டில் சொந்த ஆய்வகம் அமைந்தது.

தொழிலை மாற்றியது அத்தோடு நிற்கவில்லை. நாற்பதை நெருங்கும்போது மறுபடியும் மாற்றினார். அதற்கு முன் தேள் கதையைச் சொல்ல வேண்டும்.

தேள் விஷத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

கண்ணுக்குத் தெரியாத துளையைத் தடவிப் பார்க்க ஒரு கருவி வேண்டும். இயற்கை அதைத் தேளின் கொடுக்கில் வைத்திருக்கிறது. மத்திய கிழக்கில் வாழும் ஒரு தேளின் விஷத்தில் சாரிப்டோடாக்சின் என்ற சிறு புரதம் உண்டு, 37 அமினோ அமிலங்கள் மட்டுமே. அது பொட்டாசியம் கால்வாயின் வெளிவாயில் வந்து உட்கார்ந்து அடைத்துவிடுகிறது. அதன் லைசின் ஒன்றின் நேர்மின்முனை, பொட்டாசியம் நிற்க வேண்டிய இடத்துக்குள் நீட்டிக்கொள்ளும்.

அப்போது ஷேக்கர் மரபணு கைக்கு வந்திருந்தது. ஈதர் மயக்கத்தில் கால் உதறும் பழ ஈக்களில் இருந்த குறைபாட்டைத் தேடிப்போன ஆய்வாளர்கள், 1987இல் முதல் பொட்டாசியம் கால்வாய் மரபணுவைப் பிரித்தெடுத்தார்கள். மெக்கின்னன் ஷேக்கர் புரதத்தில் அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாக மாற்றி, எதை மாற்றினால் விஷம் ஒட்டாமல் போகிறது என்று பார்த்தார். விஷம் ஒட்டும் இடம் துளையின் வாய். ஆக, நீண்ட புரத வரிசையில் துளை எங்கே இருக்கிறது என்பது தெரிந்துவிட்டது.

அதே விஷத்தை வைத்து இன்னொன்றையும் கண்டார். விஷம் ஒட்டும் துணையலகுகளையும் (சேர்ந்து ஒரு கால்வாயாக அமையும் புரதத் துண்டுகள்) ஒட்டாத துணையலகுகளையும் வெவ்வேறு விகிதத்தில் கலந்து, விளைவைக் கணக்கிட்டதில் ஒரு கால்வாய் நான்கு துணையலகுகளால் ஆனது என்று வந்தது. இது 1991. கையில் இருந்தது விஷமும் மின்னோட்ட அளவீடும் கணக்கும் மட்டுமே. 1998 படத்தைவிட இந்தச் சோதனைதான் எனக்கு அதிகம் பிடிக்கும்.

நம் பக்கத்துச் செந்தேளும் இந்த வரலாற்றில் உண்டு. இந்தியாவின் பல மாநிலங்களிலும் யாழ்ப்பாணத்திலும் காணப்படும் ஹாட்டென்டோட்டா டமூலஸ் இனத்தின் விஷத்திலிருந்து ஐபீரியோடாக்சினைப் பிரித்தார்கள். கால்சியத்தால் திறக்கும் பெரிய பொட்டாசியம் கால்வாயை மட்டும் குறிபார்த்து அடைப்பதால், உலகின் ஆய்வகங்களில் இன்றும் அதை வாங்கிப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் செந்தேள் கொட்டி ஒருவர் சாகும் நிலைக்குப் போவதற்கு முக்கியக் காரணம் வேறு நச்சுகள். அவை சோடியம் கால்வாய்களை மூடவிடாமல் செய்து, நரம்புகளைக் கட்டுக்கடங்காமல் தூண்டுகின்றன. மகாராஷ்டிரத்தின் மகாட் ஊரில் மருத்துவர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர் பிரசோசின் மாத்திரையைக் கொண்டு அந்த இறப்புகளை வெகுவாகக் குறைத்தார். கொட்டினால் மந்திரிப்பதில் நேரம் போக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நன்றாகப் போய்க்கொண்டிருந்த ஆய்வை ஏன் பாதியில் மாற்றினார்?

பாதியில் இல்லை, முட்டுச்சந்தில். 1994இல் அவரது குழு வடிகட்டியின் 'கையெழுத்து வரிசை'யை உறுதிசெய்தது: திரியோனின், வாலின், கிளைசின், டைரோசின், கிளைசின். பாக்டீரியா முதல் மனிதர் வரை பொட்டாசியம் கால்வாய்களில் இந்த வரிசை ஏறக்குறைய மாறாமல் வருகிறது. இதைக் கலைத்தால் சோடியம், பொட்டாசியம் வேறுபாடே போய்விடும். சரி, ஆனால் ஏன்? அமினோ அமிலத்தை இன்னும் நூறு முறை மாற்றினாலும் அந்த 'ஏன்' கிடைக்காது.

எனவே எக்ஸ்-கதிர் படிகவியலைக் கற்கத் தொடங்கினார். 1996இல் ஹார்வர்டை விட்டு நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்துக்குப் போனார். இது தற்கொலை முயற்சி என்று நினைத்த சக ஆய்வாளர்கள் பலர். ஹார்வர்டில் இருந்தவர்கள் பெரும்பாலும் உடன் போகவில்லை. தொடக்கத்தில் டெக்லன் டாய்ல் என்ற இளம் ஆய்வாளர் கைகொடுத்தார். மெக்கின்னனின் மனைவி ஆலிஸ் லீ ஒரு கரிம வேதியியலாளர். அவரும் ஆய்வகத்தில் சேர்ந்தார்.

சவ்வுப் புரதத்தைப் படிகமாக்குவது அவ்வளவு கஷ்டமா?

கஷ்டம். எக்ஸ்-கதிரில் உருவம் தெரிய, கோடிக்கணக்கான புரதங்கள் ஒரே ஒழுங்கில் அடுக்கி நிற்க வேண்டும். சவ்வுப் புரதத்தின் இடுப்பு கொழுப்பில் இருந்து பழகியது; தண்ணீரில் போட்டால் திரிந்து கட்டியாகிவிடும். சோப்பு போன்ற டிடர்ஜெண்ட் மூலக்கூறுகளால் இடுப்பைச் சுற்றி மூடித்தான் கரைக்க முடியும். மூடினால் ஒன்றோடொன்று தொட்டுக்கொள்ள இடம் குறையும், படிகம் வராது. வந்தாலும் மங்கலாகவே தெரியும். கால்வாய்கள் செல்லில் குறைவாகவே இருப்பதால் போதுமான புரதத்தைத் திரட்டுவதே பெரிய பாடு.

மனித நரம்பை விட்டு பாக்டீரியாவை ஏன் எடுத்தார்கள்?

நிறையத் தயாரிக்கலாம், உறுதியானது, சிறியது. மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் லிவிடன்ஸ் என்ற பாக்டீரியத்தில் கேசிஎஸ்ஏ என்ற பொட்டாசியம் கால்வாய் இருப்பதை ஜெர்மன் ஆய்வாளர்கள் 1995இல் வெளியிட்டார்கள். ஒரு துணையலகுக்கு 160 அமினோ அமிலங்கள்தான். அதிலும் உள்பக்கம் தொங்கிய வாலை நொதியால் வெட்டியபின்தான் நல்ல படிகம் கிடைத்தது.

பாக்டீரியக் கால்வாயை வைத்து மனித மூளையைப் பற்றிப் பேசலாமா என்ற சந்தேகம் நியாயமானது. அதற்கும் தேளையே கூப்பிட்டார்கள். கேசிஎஸ்ஏயில் மூன்று அமினோ அமிலங்களை மட்டும் மாற்றியதும், விலங்குக் கால்வாய்களை அடைக்கும் தேள் நச்சு இதிலும் வந்து ஒட்டியது. கோடானுகோடி ஆண்டு இடைவெளியிலும் துளையின் வாய் ஒரே வடிவம் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று கிடைக்காது. உருவத்தை வெளியிட்ட அதே இதழில் இந்தக் கட்டுரையும் வந்தது.

1998இல் வந்த படம் என்ன காட்டியது?

1998 ஏப்ரல் 3 தேதியிட்ட சயன்ஸ் இதழில் டாய்ல், மெக்கின்னன் உள்ளிட்ட எட்டுப் பேரின் பெயரில் கட்டுரை வந்தது. 3.2 ஆங்ஸ்ட்ராம் துல்லியம் (இந்த எண் குறையக் குறையப் படம் தெளிவாகும்). பிற்காலத் தரத்தில் சுமார்தான். ஆனாலும் பெரிய கேள்விகளுக்குப் பதில் அதிலேயே தெரிந்தது.

நான்கு துணையலகுகளும் வட்டமாக நின்று நடுவில் ஒரு துளையை உண்டாக்குகின்றன. செல்லின் உள்பக்கத்திலிருந்து நுழைந்தால் முதலில் ஒரு பாதை, அடுத்து சவ்வின் நட்டநடுவில் 10 ஆங்ஸ்ட்ராம் அகலமுள்ள ஒரு குழிவு. அதில் தண்ணீர் நிறைந்திருக்கிறது. எண்ணெய்ப் படலத்தின் நடுமையம்தான் அயனிக்கு மிகவும் ஆகாத இடம். சரியாக அந்த இடத்தில் தண்ணீரை வைத்திருக்கிறது புரதம். போதாததற்கு, சுற்றியுள்ள நான்கு குட்டையான ஆல்ஃபா சுருள்கள் (புரதச் சங்கிலி திருகுபோல் சுருண்ட பகுதிகள்) தங்கள் எதிர்மின்முனையை அந்தக் குழிவை நோக்கியே நீட்டுகின்றன. நேர்மின்சுமையுள்ள பொட்டாசியம் அங்கே நிம்மதியாக நிற்கும்.

அதற்கு மேலே வடிகட்டி, 12 ஆங்ஸ்ட்ராம் நீளம். இங்கேதான் அந்தக் கையெழுத்து வரிசை வருகிறது. ஒவ்வொரு அமினோ அமிலத்திலும் புரத முதுகெலும்பின் ஆக்சிஜன் ஒன்று துளையைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது. நான்கு பக்கமும் இப்படி அடுக்கடுக்காக வருவதால், நடுவில் நிற்கும் அயனியைச் சுற்றி மேலே நான்கு, கீழே நான்கு என எட்டு ஆக்சிஜன்கள் அமைகின்றன.

தண்ணீரில் இருக்கும்போது பொட்டாசியத்தைச் சுற்றி நீர் மூலக்கூறுகளின் ஆக்சிஜன்கள் ஒட்டியிருக்கும். வடிகட்டிக்குள் நுழைய அந்த நீரை உதற வேண்டும். உதறுவது அயனிக்குப் பெரிய செலவு. ஆனால் வடிகட்டியின் ஆக்சிஜன்கள் ஏறக்குறைய அதே தொலைவில், அதே அமைப்பில் காத்திருக்கின்றன. விட்டது திரும்பக் கிடைத்துவிடுகிறது, செலவும் வரவும் சரி.

சோடியத்துக்கு அந்தக் கணக்கு கட்டாது. அது சிறியது, அதன் நீர் மூலக்கூறுகள் இன்னும் நெருக்கமாக ஒட்டியிருப்பவை. வடிகட்டிக்குள் வந்தால் எட்டு ஆக்சிஜனும் எட்டாத தூரத்தில் நிற்கும். நீரை விட்ட செலவு ஈடாகாததால் சோடியம் வெளியே தண்ணீரோடு இருப்பதையே விரும்பும். துளையில் இடம் இல்லாமல் அது நிற்கவில்லை, உள்ளே போனால் நஷ்டம் என்பதால் நிற்கிறது.

கறார் புரிந்தது. வேகம்?

படத்தில் வடிகட்டிக்குள் ஒரே சமயத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பொட்டாசியம் தெரிந்தது. இரண்டும் நேர்மின்சுமை, ஒன்றையொன்று தள்ளும். ஓர் அயனியை மட்டும் வைத்தால் வடிகட்டி அதை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். பின்னால் இன்னொன்று நுழைந்ததும் முன்னது வெளியே தள்ளப்படும். பிடிக்கும் விசையும் தள்ளும் விசையும் ஏறத்தாழச் சமமாக அமைந்திருப்பதால்தான் பத்துக் கோடி வேகம். ஹாட்ஜ்கினும் கெய்ன்ஸும் 1955இல் சொன்ன ஒற்றை வரிசை இதுதான்.

2001இல் ஜோவ், மொரைஸ் கப்ரால் உள்ளிட்ட மெக்கின்னன் குழுவினர் ஒரு எதிர்ப்பொருள் துண்டை கேசிஎஸ்ஏயுடன் ஒட்டவைத்துப் படிகமாக்கினார்கள். துல்லியம் 2.0 ஆங்ஸ்ட்ராமுக்கு உயர்ந்தது. வடிகட்டியில் நான்கு இருக்கைகள் தெளிவாகத் தெரிந்தன. சராசரியாக இரண்டில் பொட்டாசியம், இடையில் தண்ணீர் என்று விளக்கினார்கள். நடுக்குழிவில் நின்ற பொட்டாசியத்தைச் சுற்றி எட்டு நீர் மூலக்கூறுகள் இருப்பதும் அந்தப் படத்தில் தெரிந்தது.

வாயில் எப்படித் திறக்கிறது?

1998 படத்தில் உள்வாயில் மூடியிருந்தது; நான்கு உட்சுருள்கள் கீழ்ப்பக்கம் ஒன்றோடொன்று நெருங்கி வழியை அடைத்திருந்தன. 2002இல் கால்சியத்தால் திறக்கும் எம்டிஎச்கே என்ற வேறொரு கால்வாயைத் திறந்த நிலையில் படம்பிடித்தார்கள். உட்சுருள் ஒரு கிளைசின் இருக்கும் இடத்தில் வளைந்து வெளிப்பக்கம் சாய்ந்திருந்தது. ஒரே குடும்பத்தின் இரண்டு கால்வாய்கள், ஒன்று மூடியது, ஒன்று திறந்தது. இரண்டையும் ஒப்பிட்டு அசைவைப் புரிந்துகொண்டார்கள்.

மின்னழுத்தத்தைக் கால்வாய் உணர்வது குறித்து ஒரு சண்டை நடந்ததாமே?

நடந்தது, காரசாரமாகவே. நரம்பில் உள்ள கால்வாய்கள் சவ்வின் மின்னழுத்தம் மாறினால் திறப்பவை. நான்காவது சுருளில் மூன்று அமினோ அமிலத்துக்கு ஒரு முறை நேர்மின்சுமை வருவதால், அதுதான் உணர்வி என்பது முன்பே தெரியும். அது எவ்வளவு தூரம் நகர்கிறது, எதை ஒட்டி நகர்கிறது என்பதில்தான் சிக்கல்.

2003 மே மாதம் மெக்கின்னன் குழு கேவிஏபி என்ற கால்வாயின் உருவத்தை வெளியிட்டது; வெந்நீர் ஊற்றில் வாழும் ஒரு நுண்ணுயிரியிலிருந்து வந்த புரதம். உணர்விப் பகுதி துடுப்பு மாதிரி கொழுப்புக்குள்ளேயே மேலும் கீழும் அசைகிறது என்றார்கள். பல ஆண்டுகளாக மின்னோட்ட அளவீடுகளைச் செய்துவந்தவர்கள் ஏற்கவில்லை. டிடர்ஜெண்டிலும் எதிர்ப்பொருளிலும் சிக்கிய புரதம் இயல்பான வடிவத்தில் இல்லை என்று வாதிட்டார்கள். பெரும்பகுதி அவர்கள் சொன்னதே சரி. 2005இல் எலியின் கேவி1.2 கால்வாயின் உருவத்தையும், 2007இல் கொழுப்புச் சூழலோடு 2.4 ஆங்ஸ்ட்ராமில் அதன் கலப்பு வடிவத்தையும் வெளியிட்ட மெக்கின்னன் குழுவே, முதல் படத்தில் உணர்விகள் இடம்பெயர்ந்திருந்ததைக் காட்டியது. துடுப்புப் பகுதி கொழுப்பைத் தொட்டு நிற்கிறது என்ற அம்சம் மட்டும் தாக்குப்பிடித்தது. படிகத்தில் தெரிவதெல்லாம் செல்லில் இருப்பது ஆகாது என்பதற்கு இந்தச் சண்டையைத்தான் வகுப்பில் எடுத்துக்காட்ட வேண்டும். நோபல் கதையை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

நோபல் பரிசு அவருக்கு மட்டுமா?

பாதி அவருக்கு. மறுபாதி ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் பீட்டர் ஆக்ரேவுக்கு, தண்ணீர் மட்டும் போகும் அக்வாபோரின் கால்வாயைக் கண்டதற்காக. அதற்கு முன்பு 1999இல் லாஸ்கர் பரிசு ஆம்ஸ்ட்ராங், ஹில், மெக்கின்னன் மூவருக்கும் சேர்த்துத் தரப்பட்டது. அந்தப் பங்கீடுதான் நியாயமானது என்பது என் கருத்து.

இதனால் மருந்துகளுக்கு ஏதாவது பயன் உண்டா?

கால்வாய்களைத் தொடும் மருந்துகள் உருவம் தெரிவதற்கு முன்பே இருந்தன. பல் பிடுங்கும்போது போடும் லிக்னோகெயின் சோடியம் கால்வாயை அடைக்கிறது. இரத்த அழுத்தத்துக்கான ஆம்லோடிபின் கால்சியம் கால்வாயை. சர்க்கரை நோய்க்கான கிளிபென்கிளமைடு கணைய செல்லின் பொட்டாசியம் கால்வாயை மூடி இன்சுலினை வெளிவரச் செய்கிறது. இந்தக் கடைசிக் கால்வாயில் நல்ல கதை உண்டு. பிறந்து ஆறு மாதத்துக்குள் சர்க்கரை நோய் வரும் குழந்தைகள் பலரிடம் இதன் மரபணுவில் பிழை இருப்பது 2004இல் தெரிந்தது. கால்வாய் மூட மறுக்கிறது. அவர்களில் பெரும்பாலோர் இன்சுலின் ஊசியை விட்டு இந்த மாத்திரைக்கு மாற முடிந்தது.

உருவம் கிடைத்தபின் மாறியது, எந்த மூலக்கூறு எங்கே உட்காரும் என்று பார்த்து யோசிக்க முடிகிறது என்பது. இதயத்தில் ஹெர்க் என்ற பொட்டாசியம் கால்வாய் இருக்கிறது. சம்பந்தமே இல்லாத எத்தனையோ மருந்துகள் போய் அதை அடைத்து, இதயத்துடிப்பைத் தாறுமாறாக்கும். டெர்ஃபெனடின் என்ற அலர்ஜி மாத்திரை 1990களின் இறுதியில் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது இதனால்தான். இன்று எந்தப் புதிய மருந்தையும் ஹெர்க் சோதனைக்கு உட்படுத்தாமல் மேலே கொண்டுபோவதில்லை. ஹெர்க்கின் உருவத்தை மெக்கின்னன் ஆய்வகம் 2017இல் வெளியிட்டது, இந்த முறை படிகம் இல்லாமல் உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கி வழியாக.

மிளகாய் காரமும் அயனிக் கால்வாய்தானாமே?

ஆமாம், டிஆர்பிவி1. சுடுநீருக்கும் மிளகாயின் கேப்சைசினுக்கும் திறக்கும் கால்வாய். 1997இல் டேவிட் ஜூலியஸ் குழு கண்டது. தொடுதலை உணரும் பியசோ கால்வாய்களை 2010இல் ஆர்டெம் படபூடியன் குழு கண்டது. 2021 நோபல் இருவருக்கும். தூரத்து உறவு மட்டும் சொல்லிவிடலாம்: டிஆர்பிவி1 பொட்டாசியம் கால்வாய் போலவே நான்கு துணையலகுகள் சேர்ந்தது, ஆனால் ஆள்பார்ப்பதில் கறார் கிடையாது.

சிறுநீரக நோயாளிகளிடம் இளநீர் குடிக்காதே என்பது இதனாலா?

சுற்றி வளைத்தால் இதனால்தான். இளநீரில் பொட்டாசியம் அதிகம். பழுதான சிறுநீரகம் அதை வெளியேற்றாது. இரத்தத்தில் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்க வேண்டிய பொட்டாசியம் ஏறினால், செல்லுக்கு உள்ளும் புறமும் உள்ள வித்தியாசம் குறையும். கால்வாய்கள் சரியாகவே இருந்தாலும் இதய செல்லின் மின்னழுத்தம் குலைந்து துடிப்பு நிற்கும் அளவுக்குப் போகலாம். எவ்வளவு குடிக்கலாம் என்பதை உங்கள் டாக்டர் சொல்ல வேண்டும், இணையத்தில் பார்த்து முடிவு செய்ய வேண்டாம்.

இனி ஆராய எதுவும் இல்லையா?

வடிகட்டியிலேயே விவாதம் ஓயவில்லை. இடையிடையே தண்ணீர் நிற்கிறது என்ற 2001 விளக்கத்துக்கு எதிராக, 2014இல் கோட்டிங்கனைச் சேர்ந்த குழு கணினி உருவகம் வழியாக வேறொன்றைச் சொன்னது. தண்ணீரே இல்லாமல் பொட்டாசியம் அயனிகள் அடுத்தடுத்த இருக்கைகளில் நேருக்கு நேர் இடித்துத் தள்ளுகின்றன என்பது அவர்கள் வாதம். இருபக்கமும் சான்றுகள் வந்துகொண்டிருக்கின்றன. திறந்த கால்வாய் சிறிது நேரத்தில் வடிகட்டியையே குலைத்து ஓட்டத்தை நிறுத்துவதும் உண்டு. அது எல்லாக் கால்வாயிலும் ஒரே வழியில் நடக்கிறதா என்பதும் பேச்சில்தான் இருக்கிறது.

இந்த உருவத்தை நாமே பார்க்க முடியுமா?

இலவசமாக. புரதத் தரவு வங்கியின் இணையதளத்தில் 1பிஎல்8 என்ற குறியீடு 1998ஆம் ஆண்டு உருவம், 1கே4சி என்பது 2001ஆம் ஆண்டு உருவம். குறியீட்டை ஆங்கில எழுத்தில் தட்டினால் போனிலேயே சுழற்றலாம். 1பிஎல்8இல் நான்கு துணையலகுகளும் வரும். முன்னும் பின்னும் உள்ள இரண்டை மறைத்துவிட்டால்தான் நடுத்துளை தெரியும். 1கே4சியைத் திறந்தால் ஒரே ஒரு துணையலகும் எதிர்ப்பொருள் துண்டும்தான் வரும். கோப்பு பழுதில்லை, 'உயிரியல் தொகுப்பு' என்ற தெரிவை அழுத்தினால் மற்ற மூன்றும் சேர்ந்து வரும்.